உதாரணம் சொல்லுங்கம்மா

ரொட்டிக் கம்பெனியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னங்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்க்கு வாய் "என்னங்க, என்னங்க" என்று புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பவளுக்கு வேறு என்ன பேர் வைப்பது? அவள் பாக்கெட் போடும் மேஜையில் வேலை பார்த்தாள். அவர் அடுப்பு மாஸ்டர். மேஜையிலிருந்து எழுந்தால் நாலு எட்டில் அடுப்பு. ரொட்டி வேகும் நேரம் பார்த்து எழுந்து போவாள், அவர் பக்கத்தில் நிற்பாள், "என்னங்க" என்பாள், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பாக்கெட் போடுவாள். ஒரு நாளைக்கு எத்தனை ஈடு வேகிறதோ அத்தனை தடவை.

"ஏண்டி, வீட்டுல பாக்கிறது போதலையா? பொண்ணு டிகிரி முடிச்சு நிக்குது, இவளுக்கு இன்னும் புருஷன் மூஞ்சியைப் பாத்தாத்தான் கை ஓடும்போல" என்று எதிர்மேஜைக்காரி ராகம் போடுவாள்.

"லட்சணமா ஒருத்தர் இருந்தா நீயுந்தான் பாப்பே" என்று இவளும் விட்டுக்கொடுக்காமல் சொல்வாள். மேஜையே சிரிக்கும். அந்தக் கேலி அவளுக்கு வேண்டியிருந்தது. கேலி செய்கிறவர்கள் அதற்கு மேல் எதையும் கேட்கமாட்டார்கள்.

விஷயம் இதுதான். மாஸ்டருக்கு நிறம் தெரியாமல் போய் நாலு வருஷம் ஆகிறது. ஆள் மங்கலாகத் தெரியும், கதவு தெரியும், தட்டு தெரியும். ஆனால் பொன்னிறமும் கருகின நிறமும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். கண் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே விழித்திரை காய்ந்துபோய்விட்டது, இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார். வெந்துவிட்டதா என்பதை வாசனையில் சொல்லிவிடுவார், அடியில் தட்டிப் பார்த்தும் சொல்லிவிடுவார். ஆனால் கடைக்காரன் வாசனையா பார்க்கிறான்? மேல்தோல் நிறம் ஒரு சொட்டுக் கூடிவிட்டால் தட்டோடு திருப்பி அனுப்புவான். பால் தடவின பன்னோ அதைவிட மோசம். தும்மி நிமிர்வதற்குள் மாறிவிடும்.

அப்படி ஒரு நாள் முழு ஈடும் கருகிப்போய், சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அவரை நிற்க வைத்துப் பேசினார். அன்றைக்குத்தான் அவள் முதல்முறை எழுந்து போனது. அடுப்புக் கதவை அவர் திறப்பார், உள்ளே விளக்கு எரியும், அவள் ஒரு பார்வை பார்ப்பாள். "இருங்க, வர்றேன்" என்றால் இன்னும் ஆகவில்லை. "என்னங்க" என்றால் எடுக்கலாம். இது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த பாஷை. மகளிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்காத குறைதான்.

"மத்தது எது தெரியுதோ இல்லையோ, அவ என்னைப் பாவமாப் பாத்தா அது எனக்கு நல்லாத் தெரியும். வேணாம்" என்றார்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் பழைய முதலாளி கம்பெனியை விற்றுவிட்டார். வாங்கினவர்கள் பெரிய ஆட்கள். இருக்கிற ஆட்களை அப்படியே வைத்துக்கொள்ளப்போவதில்லை, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இன்டர்வியூ வைத்துத்தான் எடுப்பார்கள், அதுவரை அடுப்பு எரியாது என்று சூப்பர்வைசர் வந்து சொன்னார். அவருக்கும் இன்டர்வியூ உண்டு என்பதால் அன்றைக்கு அவர் குரலில் அதட்டல் இல்லை.

"கட்டின பொண்டாட்டியையே மறுபடி பொண்ணு பாக்க வர்றாங்களாம். நல்லாயிருக்கு நியாயம்" என்று மாவு பிசைகிறவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவரவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

வீட்டில் மகள் இருந்தாள். இன்டர்வியூவுக்குப் போய்ப் போய்ச் செருப்புத் தேய்ந்தவள். என்ன கேட்பார்கள், எப்படி உட்கார வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. வேலை மட்டும் கிடைக்கவில்லை. கற்ற வித்தையைக் காட்ட இப்போது அவளுக்கு இரண்டு பேர் சிக்கிவிட்டார்கள்.

வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. துவைத்த துணியெல்லாம் அறைக்குள்ளேயே கொடி கட்டித் தொங்கியது. ஈரத்துணிகளுக்கு நடுவில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த ரொட்டியின் ஓரத்துண்டுகளை டீயில் நனைத்துத் தின்றார்கள்.

"கடைசியில ஒண்ணு கேப்பாங்க. அதுலதான் எல்லாரும் கவுந்துடுவாங்க" என்றாள் மகள். "உங்க வீக்னெஸ் என்னன்னு."

"முழங்கால்தான்" என்றாள் அவள். "மழை வந்தா உயிர் போகுது."

"ஐயோ அம்மா! அந்த வீக்னெஸ் இல்ல. உன் குணத்துல என்ன குறைன்னு கேப்பாங்க."

"என்கிட்ட என்னடி குறை?"

"அம்மாகிட்ட குறையா? கேக்க ஆள் இல்லாம இத்தனை வருஷம் காத்திருந்தேன்" என்று மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதிக்கோ பாப்பா. ஒண்ணு, வாய். ரெண்டு, சொன்னதையே சொல்றது. மூணு..."

"உங்களுக்கு வாக்கப்பட்டேனே, அதை முதல்ல எழுதச் சொல்லுங்க."

"ரெண்டு பேரும் விளையாடாதீங்கப்பா. இது வேலை விஷயம்" என்று மகள் கடிந்துகொண்டாள். "குறையே இல்லன்னு சொல்லக்கூடாது, திமிருன்னு நினைப்பாங்க. நெசமான குறையையும் சொல்லக்கூடாது, அனுப்பிடுவாங்க. கேக்கிறதுக்குக் குறை மாதிரி இருக்கணும், யோசிச்சுப் பாத்தா நல்ல குணமா இருக்கணும். அப்படி ஒண்ணு சொல்லணும்."

"பொய் சொல்லணும்ங்கிற."

"பொய் இல்லம்மா. பதில்."

அம்மாவுக்கு அவளே ஒன்று யோசித்துக் கொடுத்தாள். யாராவது கஷ்டப்பட்டால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, சொந்த வேலையைப் போட்டுவிட்டுக் கைகொடுக்கப் போய்விடுவேன், அதுதான் என் வீக்னெஸ். இதை நாலைந்து தடவை சொல்ல வைத்தாள். என்னங்கக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

"அப்பாவுக்கு?" என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு ஈசி. யாரையும் நம்பமாட்டேன், என் கண்ணால பாத்தாத்தான் ஒரு ரொட்டி வெளிய போகும், அதனால கொஞ்சம் லேட்டாகும். இப்படிச் சொல்லுங்கப்பா."

என்னங்கக்கா கையிலிருந்த ரொட்டித்துண்டு டீக்குள் கரைந்து விழுந்தது. "வேற ஏதாவது சொல்லிக்குடுடி" என்றாள்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றார் மாஸ்டர். அவளைப் பார்த்துத்தான் சொன்னார், அவள் இருக்கும் திசையைப் பார்த்து. "என் கண்ணால பாத்தாத்தான் வெளிய போகும். கம்பீரமா இருக்கு பாப்பா. இதையே வச்சுக்கறேன்."

அவர் அதைப் பல தடவை சொல்லிப் பார்த்தார். வாலிபத்தில் மாவு மூட்டை தூக்கின காலத்துக் குரல் வந்துவிட்டது. மகள் கை தட்டினாள். என்னங்கக்கா எழுந்து போய்க் காயாத துணிகளைத் திருப்பித் திருப்பிப் போட்டாள்.

இன்டர்வியூ நடந்தது கம்பெனியின் கணக்கு அறையில். வெளியே நடையில் ஒரு பெஞ்சு. அடுப்பு அணைந்து கிடந்ததால் கட்டடமே சில்லிட்டுப் போயிருந்தது. எந்நேரமும் வெந்த மாவு மணக்கும் இடத்தில் எண்ணெய்ச் சிக்கு வாடை மட்டும் மிச்சம். மாஸ்டர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், மகள் சொன்னபடி கையை முட்டிமேல் வைத்துக்கொண்டு. முதலில் அவளைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு அம்மா, அவளைவிட வயதில் சின்னவர். பக்கத்தில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள். அந்த அம்மா சிடுசிடுவென்று இருப்பார் என்று அவள் பயந்துகொண்டு போயிருந்தாள். அப்படி இருந்திருந்தால் தேவலை.

"உட்காருங்கம்மா. மழையில நனைஞ்சுட்டீங்களே. வீடு தூரமா?"

"இல்ல மேடம், நடந்துதான் வருவோம். நானும் அவரும்."

"ரெண்டு பேரும் ஒரே இடத்துல வேலை பாத்தா சண்டை வராதா?"

"சண்டையெல்லாம் வீட்டுலயே முடிச்சுட்டு வந்துடுவோம் மேடம்."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அதில் அவளுக்குப் பாதி பயம் போனது. என்ன வேலை, எத்தனை வருஷம், கை வேகம் எப்படி என்று கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள்.

"சரிம்மா. உங்க பலவீனம்னு எதைச் சொல்வீங்க?"

மகள் சொன்ன சொல் வேறாயிருந்ததால் ஒரு நொடி முழித்தாள். அப்புறம் பிடிபட்டது. "யாராவது கஷ்டப்பட்டா என்னால பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியாது மேடம். என் வேலையைப் போட்டுட்டு அவங்களுக்குக் கைகுடுக்கப் போயிடுவேன். அதுதான் என் வீக்னெஸ்."

ஒரு பிசிறு இல்லாமல் வந்துவிட்டது. மகள் கேட்டிருந்தால் பூரித்துப்போயிருப்பாள்.

"நல்ல குணம்தானே" என்றார் அந்த அம்மா. "ஒரு உதாரணம் சொல்லுங்கம்மா. யாருக்குக் கைகுடுத்தீங்க?"

உதாரணம் கேட்பார்கள் என்று மகள் சொல்லித்தரவில்லை. யாருக்குக் கைகொடுத்தோம் என்று அவள் தேடினாள். எதிர்மேஜைக்காரிக்கா? அவளோடு டேப் ரோலுக்கே அடிதடி. மாவு பிசைகிறவருக்கா? கிட்டேயே போனதில்லை. வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போனது ஒரே ஒருவருக்காகத்தான். வேறு யோசனை வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் மேடம். அவருக்கு நிறம் அவ்வளவா புடிபடாது. அதனால ஈட்டுக்கு ஈடு நான் எழுந்து போயி..."

கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் நின்றது.

"புடிபடாதுன்னா?"

"இல்ல மேடம், லேசா. அந்தப் பக்கம் லைட்டு கம்மி."

"அப்போ ரொட்டி சரியா சிவந்துடுச்சான்னு யார் பாக்கிறது? நீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சும்மா பேச்சுக்குச் சொன்னேன் என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் நாலு வருஷமாக யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. மேஜையிலும் அடுப்பிலுமாக இரண்டு ஆள் வேலை பார்த்ததற்கு அவளுக்குக் கிடைத்தது ஒரு கேலிப் பேர் மட்டும்தான்.

"நான்தான் மேடம். இந்த நாலு வருஷத்துல ஒரு ஈடு கருகினதில்ல."

சொன்ன அந்த நொடியில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்துத்தான் பிறகு அதிகமாக அழுதாள். அந்த அம்மாவும் அந்த ஆளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கண்டதும் நாற்காலி நுனிக்கு நகர்ந்து வந்தாள்.

"மேடம், உங்களுக்குப் புண்ணியமா போகும். இதை அவர்கிட்டக் கேட்டுடாதீங்க. அடுத்தது அவர்தான் வர்றாரு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா மனசு விட்டுடுவாரு."

"கேக்கமாட்டோம்மா. பயப்படாதீங்க" என்றார் அந்த அம்மா. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

அவள் வெளியே வந்தபோது மாஸ்டர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "எப்படி?" என்றார் மெதுவாக. உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். காதோடு காதாக ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. கண்ணைப் பத்திப் பேசாதீங்க, அவ்வளவுதான். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கோணலாக இருந்த அவருடைய காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"நல்லாப் பேசிட்டு வாங்க" என்றாள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்த அவளுக்கு எல்லாம் கேட்டது. அடுப்பைப் பற்றி, மழைக்காலத்தில் மாவு பொங்கச் சோம்பல்படுவது பற்றி அவர் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் யாரையும் நம்பமாட்டேன் மேடம். என் கண்ணால பாத்தாத்தான் ஒரு ரொட்டி வெளிய போகும். யாரு வந்து என்ன சொன்னாலும் சரி, என் கண்ணு சொல்லணும். இதனால கொஞ்சம் லேட்டாகும். அதுதான் என்கிட்ட இருக்கிற குறை."

உள்ளே கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் நின்றது.

"சரிங்க சார்" என்றார் அந்த அம்மா. "டீ குடிக்கிறீங்களா?"

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவர் வெளியே வரும்போது கம்ப்யூட்டர் ஆள் கூடவே வந்து, முழங்கையைப் பிடித்து, படி வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. மழையில் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார்.

"உனக்கு டீ குடுத்தாங்களா?"

"இல்ல."

"எனக்குக் குடுத்தாங்க. நான் வேணாம்னேன், அந்த அம்மா விடலயே. எழுந்து வந்து கையில குடுத்துச்சு. கண்ணால பாத்தாத்தான்னு சொன்னேன் பாரு, ரெண்டு பேரும் அப்படியே கப்சிப். வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டாரே அந்த ஆளு, யாருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை? பாப்பா மூளையே மூளை."

"குழி இருக்கு, இந்தப் பக்கம் வாங்க" என்றாள் அவள்.

முடிவு வரும்வரை வீட்டில்தான் இருந்தார்கள். அடுப்பு வேலைப் பழக்கத்தில் அவர் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருப்பார். புது அடுப்பு வந்தால் எங்கே வைப்பார்கள், கதவு எந்தப் பக்கம் திறந்தால் அவளுக்கு மேஜையிலிருந்து வரத் தோது என்று கணக்குப் போடுவார். "உனக்கு அலைச்சல் குறையணும்ல" என்பார். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். காலையில் நினைத்தால் டீ குடித்தபிறகு என்று தோன்றும். டீ குடித்தால் மகள் எழுந்துவிடுவாள். அவர் சந்தோஷமாக இருந்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய தண்டனையாக இருந்தது.

ஒரு மத்தியானம் போன் வந்தது. மகள் எப்போதும்போல் ஸ்பீக்கரைப் போட்டாள். சூப்பர்வைசர்தான். அவர் வேலை தப்பித்திருந்தது, குரலிலேயே தெரிந்தது.

"பாப்பா, அம்மாவை எடுத்துட்டாங்க. திங்கக்கிழமையிலேருந்து வரச்சொல்லு. அடுப்புப் பக்கம் போட்டிருக்காங்க."

"அடுப்பா? அது அப்பாங்க."

"இல்லம்மா, அம்மாவைத்தான். நிறம் பாக்கிறதுல அவங்களுக்குத்தான் பழக்கம்னு மேடம் சொன்னாங்க. அப்பாவுக்கு... கண்ணை உத்தேசிச்சு வேணாம்னுட்டாங்க. நெருப்பு கிட்ட நிக்கிற வேலையில்லையா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

மகள் போனை அணைத்தாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "கண்ணுக்கு என்ன?" என்றாள். அவள் கேட்ட கேள்விக்கு அந்த வீட்டிலேயே விடை இருந்தது, அப்பாவின் கண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவளுக்குத் தானாகவே தெரிந்துவிட்டது. "அந்தப் பதிலைப் போய்ச் சொல்லிக்குடுத்தேனே" என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீ என்ன பண்ணுவே பாப்பா. உனக்குத் தெரியாது" என்றார் அவர். மகளின் தலையைத் தேடித் தொட்டுத் தடவிக்கொடுத்தார். அவள் விசும்பிக்கொண்டே சமையலறைப் பக்கம் போனாள்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"சொல்லிட்டியா?"

"உதாரணம் கேட்டாங்க" என்றாள். "வேற யாரும் ஞாபகத்துக்கு வரலைங்க."

"நீதானே முதல்ல உள்ள போனே."

"ஆமாங்க."

"அப்போ நான் போறப்ப அவங்களுக்குத் தெரியும்."

மகள் விட்டுப்போன போனை அவள் எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? என் கண்ணு சொல்லணும், என் கண்ணு சொல்லணும்னு. அந்த அம்மா சரிங்க சார், சரிங்க சார்னுச்சு." அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அதான் டீ. அதான் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தாரு."

"நான்தாங்க கேக்கவேணாம்னு சொன்னேன். உங்க மனசு நோகக்கூடாதுன்னு."

"வேலை போனா போகுது. நீ இல்லாட்டி எப்பவோ போயிருக்கும், எனக்குத் தெரியாதா? நீ சொன்னதுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்லல. ஏதோ வாய் தவறிடுச்சு." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "வாசல்ல நின்னியே. காலரை இழுத்து விட்டியே. அப்போ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வாயை மூடிக்கிட்டாவது உக்காந்துட்டு வந்திருப்பேன். என்னை ஏன் அப்படி உள்ள அனுப்பினே?"

பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. அதைச் சொல்லவும் பயமாக இருந்தது.

அவர் எழுந்தார். கொடியில் கையை ஓட்டித் துழாவிச் சட்டையை எடுத்தார். எப்போதும் அவள்தான் எடுத்து உதறிக் கையில் கொடுப்பாள். அவள் எழுந்து கிட்டே வந்தபோது தோளை ஒதுக்கிக்கொண்டு, தானே மாட்டி, பொத்தானைத் தேடித் தேடிப் போட்டார். மழை விட்டிருக்கவில்லை. குடையையும் எடுக்கவில்லை.

"சட்டையை உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி போட்டிருக்கீங்க" என்றாள்.

"தெரியும்" என்றார். அப்படியே தெருவில் இறங்கி நடந்தார்.